மெசினுக்கு இருந்த இடம்

தம்பி,

இதை என் மருமகள் சுபா உனக்கு வாசித்துக் காட்டட்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்த தமிழ் கடைப் பலகை வாசிக்கப் போதும். அம்மாவின் கடிதத்துக்குப் போதாது. வாசிக்க இன்னொருத்தரை நம்பியிருக்கிறாய் என்று உன்னைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஏன் என்பது கொஞ்சம் போக உனக்கே விளங்கும். வாசிக்கும்போது ஆரணியும் பக்கத்தில் இருக்கட்டும். அவளுக்கு விளங்காத இடத்தை நீ இங்கிலிஷில் சொல்லு. பத்து வயதுப் பிள்ளை என்று ஒன்றையும் மழுப்பிச் சொல்லாதே. என் பேத்திக்குத்தான் நான் ஆகப் பெரிய பொய் சொல்லியிருக்கிறேன்.

வாயால் சொல்லியிருக்கலாம். இந்தக் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில் உன் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மூன்று கிழமையாகச் சொல்லத்தான் பார்க்கிறேன். நீ வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே வேலை முடித்து வந்து, குசினியில் நின்றபடியே சாப்பிடுவாய். "தம்பி, ஒரு விசயம்" என்று தொடங்குவேன். "சொல்லுங்கோ அம்மா" என்று நீ போனை மேசையில் கவிழ்த்து வைப்பாய். அந்த நேரம் உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு வாய் வராது. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ?" என்று கேட்டுவிடுவேன். இந்த மூன்று கிழமையில் நீ இரண்டு கிலோ கூடியிருப்பாய். ஆகவே எழுதுகிறேன். எழுதியதை எங்கள் ஆட்கள் நடத்தும் மாதப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். கடைகளுக்கு வருவதற்கு முதலே ஒரு பிரதி சுபாவின் கையில் இருக்கும், பயப்படாதே. பத்திரிகையில் எழுத்துப்பிழை பார்த்த பிள்ளை, "அன்ரி, இதை இப்பிடியே போடவோ?" என்று இரண்டு தரம் கேட்டது. போடுங்கோ என்றேன். நான் சொன்ன கதையைக் கேட்டவர்கள் சிட்னி முழுக்க இருக்கிறார்கள். பிறந்தநாள் வீட்டிலும் பூப்புனித நீராட்டு விழாவிலும் ஒவ்வொருத்தருக்கும் மைக் பிடிக்காத குறையாகச் சொன்னவள் நான். அவர்களுக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் காதுக்குள் சொன்னால் அது பாதி உண்மை.

வருகிற பள்ளி விடுமுறைக்கு நீ ஆரணியைக் கூட்டிக்கொண்டு, ஏழு வயதில் விட்டு வந்த ரபாவுலுக்குப் போகிறாய். அங்கே எங்கள் வீட்டில் வேலைக்கு இருந்த ரூத்தின் மகள் எல்சியை நீ பேஸ்புக்கில் தேடிப் பிடித்த அன்று இந்த வீட்டில் நடந்த கொண்டாட்டம் எனக்கு மறக்காது. "அம்மா, எல்சி! எல்சியைக் கண்டுபிடிச்சிட்டன்! அங்கை நேர்ஸா இருக்கிறாவாம். ரூத் உயிரோடை இருக்கிறாவாம்!" என்று நீ ஏழு வயதுப் பிள்ளை மாதிரிக் குதித்தாய். "நீங்களும் வாங்கோ அம்மா, மூண்டு ரிக்கற்றாப் போடுறன்" என்றாய். எனக்கு முழங்கால் ஏலாது என்றேன். முழங்கால் ஏலாததுதான். ஆனால் அந்த முழங்காலோடுதான் போன மாதம் மெல்பன் போய், வெரிபீயில் உன் மச்சாளின் புதுவீட்டு மாடிப்படி எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன். நீ அங்கே போய் ரூத்தின் முன்னால் உட்காரப் போகிறாய். அவள் உன்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல்கூட இருப்பாள், அப்படியான மனுசி. ஆனால் நீ சும்மா இருக்க மாட்டாய். "அம்மா எவ்வளவு கெஞ்சிக் கூப்பிட்டவ, நீங்கள்தான் வரேல்லை" என்று சிரித்துக்கொண்டு சொல்வாய். அதை அவளுக்கு முன்னால் நீ சொல்லக் கூடாது, தம்பி. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

ஆரணியின் பள்ளிக்கூடத்தில் குடும்பக் கதை சொல்லும் போட்டி நடந்ததல்லவா. என் பேத்தி பேசப் போகிறாள் என்று நான் பச்சை மைசூர்ப் பட்டுக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி, மண்டபம் நிறைந்த வெள்ளைக்காரருக்கு முன்னால் தாளைப் பார்க்காமல் இங்கிலிஷ் பேசுகிறாள். நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும்? மேசையில் என்னுடைய கைத் தையல் மெசின், மரப்பெட்டி மூடியோடு. எரிமலையில் இருந்து தப்பிய மெசின் என்று அதற்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். மெசினின் சின்ன லாச்சியை இழுத்து, அதற்குள் கிடந்த பழைய திறப்பையும் எடுத்து உயர்த்திக் காட்டினாள். அப்பம்மா வீட்டைப் பூட்டிவிட்டுக் கொண்டுவந்த திறப்பு என்றாள். தப்பிப் போக ட்ரக் வந்தபோது வேலைக்காரி ரூத் தன் மண்ணை விட்டு வரமாட்டேன் என்றாள், அப்பம்மா அழுதழுது கெஞ்சினார், கடைசியில் அவளைக் கட்டிப்பிடித்து விடைபெற்றார் என்றாள். எல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

பேசி முடிந்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஆரணியின் வகுப்புப் பிள்ளை ஒன்று, இரட்டைப் பின்னல், கையைத் தூக்கிக் கேட்டது: மெசினுக்கு ட்ரக்கில் இடம் இருந்தது என்றால், அந்த லேடிக்கு ஏன் இருக்கவில்லை? மண்டபம் சிரித்தது. நீயும் சிரித்தாய், நான் பார்த்தேன். ஆரணி கொஞ்சமும் தடுமாறாமல், இடம் இருந்தது, அவதான் வர விரும்பவில்லை என்றாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். இவ்வளவு வருசத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் ஒருத்தரும் கேட்டதில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மடிக்காமல் கட்டிலில் போட்டுவிட்டு இருந்தவள்தான், இன்னும் சரியாக எழும்பவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு ரபாவுல் என்றால் மலை ஞாபகம் இருக்கும். ஊரைச் சுற்றி மலைகள், நடுவில் குடா. உயர்ந்த மலைக்குத் தாய் என்று பெயர், பக்கத்து மலைகள் இரண்டுக்கும் மகள்மார் என்று பெயர். அதுகளின் காலடியில் ஒரு மொட்டைக் குன்று, பார்த்தால் மலை என்றே சொல்ல மாட்டாய். அதன் சுடுமணலில் காட்டுக்கோழி புதைத்த முட்டையைத் தோண்டி எடுத்துச் சந்தையில் விற்பார்கள். நீ அதைத்தான் விரும்பிச் சாப்பிடுவாய். நிலம் அடிக்கடி ஆடும். அதற்கு அங்கே குரியா என்று பெயர். நீயும் எல்சியும் விரல் விட்டுக் குரியா எண்ணுவீர்கள். ஷெல்லடிக்குத் தப்பி யாழ்ப்பாணத்தை விட்டு வந்த எனக்கு, நிலம் ஆடுவது பெரிய விசயமாகத் தெரியவில்லை. அப்பாவுக்கு ஒரு கம்பனியில் கணக்காளர் வேலை, அவர்கள் தந்த தகரக்கூரை வீடு, பின்வளவில் ரூத்துக்கும் எல்சிக்கும் ஒரு சின்ன வீடு. அவளுடைய புருசன் கப்பலில் வேலை, எப்போதாவது வருவான். ரூத்துக்கு என் வயது. பத்தாம் வகுப்புப் படித்தவள். வீட்டு வேலைக்கு வந்தவள் பத்து, வீட்டுக்காரி ஐந்து.

நான் ஆறாம் வகுப்புக்கூடக் காணவில்லை என்பது அப்பாவுக்கே கலியாணம் முடிந்து ஒரு கிழமையில்தான் தெரியும். கலியாணம் பேசியவர்கள் பத்து என்று சொல்லியிருந்தார்கள். அப்பா சிரித்தார். "அதுக்கென்ன, நீர் தைக்கிற தையலுக்கு டிகிரி குடுக்கலாம். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை" என்றார். ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை என்றதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரபாவுலில் நாங்கள் நாலைந்து தமிழ்க் குடும்பம். அதில் விஞ்ஞானம் படிப்பித்த மாஸ்ரரின் மனைவி டிகிரிக்காரி. எல்லாரும் அவரை ரீச்சர் என்போம். முதல் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலேயே, "நீங்கள் எந்தக் கொலிஜ்?" என்று என்னைக் கேட்டார். நம்முடைய ஆட்களுக்கு அது பெயர் கேட்கிற மாதிரி. கேட்டவருக்கு அரை நிமிசத்தில் மறந்துபோகும். நான் வாயில் வந்த ஒரு கொலிஜைச் சொன்னேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ரீச்சருக்குப் பக்கத்தில் இருக்காமல், குசினிக்குள் ஏதாவது வேலை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் கடிதங்களை ரூத்தான் வாசிப்பாள். குசினிக்குள், கதவைச் சாத்திவிட்டு. இங்கிலிஷில் இருப்பதை அவள் மெதுவாக அந்த ஊர்ப் பிஜின் மொழியில் சொல்வாள், ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி "யூ சவே?" என்று கேட்பாள். விளங்கிச்சுதோ, தெரியுதோ என்று அர்த்தம். நான் "மி சவே" என்பேன். எனக்குத் தெரியும் என்று அர்த்தம். பாதி விளங்காது. விளங்கவில்லை என்று சொல்ல வாய் வராது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் இருந்து எரிமலைத் தாள் வந்தது. மலை வெடித்தால் எந்தப் பக்கத்தால் போக வேண்டும், எங்கே கூட வேண்டும், பிள்ளையின் பையில் என்ன வைக்க வேண்டும் என்று. அவள் மூன்று தரம் வாசித்தாள். மூன்று தரமும் மி சவே என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் குசினிச் சுவரில் ஒட்டினாள்.

அன்று சுதந்திர தின விடுமுறை. அப்பா வேலையாகப் போர்ட் மோர்ஸ்பிக்குப் போயிருந்தார். விடியமுதல் தொடங்கிய குரியா நிற்கவில்லை. நீங்கள் எண்ணி எண்ணி விரல் போதாமல் விட்டுவிட்டீர்கள். அலுமாரி தானாகத் திறந்து மூடியது. குடாவில் தண்ணீர் கோப்பையில் தேத்தண்ணி ஆடுகிற மாதிரி ஏறி இறங்கியது. பின்னேரம் சனம் ரோட்டில் நடக்கத் தொடங்கிவிட்டது, தலையணை, கோழி, குழந்தை, சமையல் சட்டி எல்லாவற்றோடும். ரூத் சுவரில் இருந்த தாளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடி இரண்டு பை கட்டினாள். ஒன்று உனக்கு, ஒன்று எல்சிக்கு. ஒரே அளவு பிஸ்கட், ஒரே அளவு தண்ணீர், மூக்கில் கட்ட ஈரத்துணி. இரண்டு பையையும் வாசல்படியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். உன் டோர்ச் எல்சியின் பைக்குள் போய்விட்டது.

கம்பனி ட்ரக் வந்தது. பின்பக்கம் மாஸ்ரரும் ரீச்சரும் அவர்களின் இரண்டு பிள்ளைகளும் சூட்கேசுகளும். ட்ரைவர் தலையை வெளியே நீட்டி, ஒரு ட்ரிப்தான், திரும்பி வர மாட்டேன் என்று மாஸ்ரரிடம் இங்கிலிஷில் சொன்னான். அந்த நேரம் ரூத் மெசினை எடுக்க உள்ளே போயிருந்தாள். நோ கமிங் பாக். அந்த மூன்று சொல்லும் எனக்கு நன்றாக விளங்கியது, தம்பி. எனக்கு விளங்காத எத்தனையோ இங்கிலிஷ் இருந்தது. அது விளங்கியது.

உன்னை ஏற்றினேன். நான் ஏறினேன். ரூத் மெசின் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தாள். தன் கையால் தூக்கிக் கொடுத்தாள், அதை நீ ஆரணிக்கு இங்கிலிஷில் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தை விட்டு வரும்போது நான் கொண்டுவந்தது அந்த மெசின் ஒன்றுதான், அது இல்லாமல் நான் வர மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். மெசினை என் பக்கத்தில் வைத்துவிட்டு, எல்சியைத் தூக்கி ஏற்றக் குனிந்தாள். அப்போது ரீச்சர், கெட்ட எண்ணத்தோடு இல்லை, சாதாரணமாகத்தான், "அவையும் வருகினமோ?" என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லுமுன் ரூத் முந்திக்கொண்டாள். கையில் இருந்த தாளை ரீச்சருக்குக் காட்டி, "மிசிஸ் இ நோ சவே ரிட்" என்றாள். மிசிஸ் என்றால் வீட்டுக்காரி, நான்தான். எனக்கு வாசிக்கத் தெரியாது, தான் கூடப் போகத்தான் வேணும் என்றாள்.

எனக்கு உதவி செய்யத்தான் சொன்னாள். வேறு ஒன்றுக்கும் இல்லை. ரீச்சருக்குப் பிஜின் நன்றாகத் தெரியும். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தாரோ இல்லையோ எனக்கு இன்றைக்கும் தெரியாது. நிலம் ஆடுகிறது, மலை வெடிக்கப் போகிறது, என் பிள்ளை மடியில் இருக்கிறான், எனக்கு அந்த நேரம் பெரிதாகத் தெரிந்தது நான் ஐந்தாம் வகுப்பு என்பது ரீச்சருக்குத் தெரிந்துவிட்டதே என்பதுதான். இந்தப் பெண் கூட வந்தால் போகிற இடமெல்லாம், பதிகிற இடமெல்லாம், எல்லாருக்கும் முன்னால் இதைச் சொல்லிக்கொண்டே வருவாள் என்று மனதில் ஓடியது. மெசின் பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, "இடமில்லை" என்று தமிழில் ரீச்சருக்குச் சொன்னேன். ரூத்துக்குப் பிஜினில் சொன்னேன்: நீ நின்று வீட்டைப் பார், கதவைப் பூட்டு, ட்ரக் பாய் காம் பெக். ட்ரக் திரும்பி வரும்.

அவள் என் முகத்தைப் பார்த்து "ட்ரூ?" என்று கேட்டாள். உண்மையாகவோ என்று.

"ட்ரூ" என்றேன்.

உனக்கு ஞாபகம் இருக்கோ தெரியாது. நீ ட்ரக்கில் இருந்து கையை நீட்டி, "எல்சி ஏறு, எல்சி ஏறு" என்று கத்தினாய். பிறகு வழி முழுக்க, "என்ரை டோர்ச் எல்சியின்ரை பைக்குள்ளை" என்று அழுதாய். நான் உன்னை அதட்டினேன். மெசின் பெட்டி என் இடுப்பில் இடித்துக்கொண்டே வந்தது. அது இருந்த இடத்தில் ரூத் இருந்து மடியில் எல்சியை வைத்திருந்தாலும் மிச்சம் இடம் இருந்திருக்கும்.

நாங்கள் குடாவுக்கு அந்தப் பக்கம், கொக்கோப்போவில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அடுத்தநாள் விடிய அது வெடித்தது. முதலில் அந்த மொட்டைக் குன்று வெள்ளையாக ஊதியது, பிறகு கறுப்பாக. கொஞ்ச நேரத்தில் குடாவின் மற்றப் பக்கத்திலும் ஒன்று எழும்பியது. இரண்டும் மேலே போய் ஒன்றாகிப் பகலை மூடிவிட்டன. புகைக்குள்ளே மின்னல் அடித்தது. நீ அதை எல்லாரிடமும் நன்றாகச் சொல்வாய், மலை சத்தி எடுத்தது என்று கையால் காட்டுவாய். எனக்கு அதைப் பார்த்ததாகவே பெரிதாக ஞாபகம் இல்லை. நீ என் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, ரூத் எங்கை? எல்சி எங்கை?" என்று கேட்டதுதான் ஞாபகம். பக்கத்தில் ரீச்சரும் மாஸ்ரரும் நின்றார்கள். "நான் எவ்வளவு கூப்பிட்டன், அவ வரமாட்டன் எண்டிட்டா" என்றேன். அதுதான் முதல் தரம். அது பொய் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும், ஆனாலும் என்னைத் திருத்தவில்லை. ஒரு ஏழு வயதுப் பிள்ளையின் கேள்விக்குச் சொன்ன பதிலைத்தான் இவ்வளவு வருசமும் வளர்த்துக்கொண்டு வந்தேன்.

சிட்னிக்கு வந்த பிறகு அது நன்றாக வளர்ந்தது. முதலில் கூப்பிட்டேன் என்று இருந்தது, பிறகு கெஞ்சினேன் என்று ஆனது, பிறகு அழுதேன். ஒருமுறை, யாருடைய வீட்டு விழாவோ, சனம் ஆவென்று கேட்டுக்கொண்டிருந்ததால், அவளுடைய காலைப் பிடித்துக் கெஞ்சினேன் என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அந்தக் காலை நான் பார்த்தேன், தம்பி. வெடித்துப் பத்து நாள் இருக்கும், இடம்பெயர்ந்தவர்கள் இருந்த முகாமில் நாங்கள் உடுப்பு வாங்க வரிசையில் நின்றோம். ரூத் ஒரு மரத்தடியில் இருந்தாள். இடது காலில் முழங்காலுக்குக் கீழே பலகை வைத்துக் கட்டியிருந்தது. எல்சியைக் கண்டதும் நீ ஓடிவிட்டாய். நான் அவளிடம் போனேன். வேறு வழி இல்லை, அவள் என்னைப் பார்த்துவிட்டாள். ட்ரக் வரும் என்று வீட்டு வாசலிலேயே இருந்தார்களாம். போகிற சனம் வா வா என்று கூப்பிட்டதாம். மிசிஸ் ட்ரக் அனுப்புவா என்று சொன்னாளாம். சாம்பல் விழத் தொடங்கிய பிறகு எல்சியின் மூக்கில் ஈரத்துணி கட்டி, என் பிள்ளையின் டோர்ச்சை அடித்துக்கொண்டு நடந்தார்களாம். சாம்பல் பாரத்தில் மாங்கொப்பு ஒன்று முறிந்து அவள் காலில் விழுந்ததாம். பகல் என்றே தெரியாத இருட்டில் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு வந்தார்களாம். இதை எல்லாம் அவள் குரல் உயர்த்தாமல் சொன்னாள். பிறகு மடியில் முடிந்திருந்த திறப்பை எடுத்து என் கையில் தந்தாள். கதவைப் பூட்டச் சொன்னேன், பூட்டிவிட்டாள். அந்த வீட்டின் கூரை சாம்பலோடு கீழே இருந்தது, திறப்பு என் கையில் இருந்தது. ஆரணி மேடையில் உயர்த்திக் காட்டியது அதைத்தான்.

"ட்ரக் இ நோ காம்" என்றாள் ரூத். ட்ரக் வரவில்லை. கேள்வி மாதிரியும் இருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் "மி நோ சவே" என்றேன். எனக்குத் தெரியாது. விளங்காத நாளெல்லாம் மி சவே, மி சவே என்றவள், தெரிந்த ஒரே ஒரு விசயத்துக்கு மி நோ சவே என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். குசினிச் சுவரில் தாளை ஒட்டிய அன்று பார்த்த அதே பார்வை. அவளுக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. மோர்ஸ்பியில் அப்பா விமான நிலையத்துக்கு வந்தார். உன்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, மெசின் பெட்டியைப் பார்த்தார். "மெசின் வந்திட்டுது" என்றார். ஓம் என்றேன். "ரூத்?" என்றார். அவ வரமாட்டன் எண்டிட்டா என்றேன். அவர் பெட்டியைத் தூக்கினார். கண்மூடும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. மெசினில் நான் தைத்த சட்டை எதையும் அவர் வேண்டாம் என்றதும் இல்லை. தெரிந்திருந்ததோ இல்லையோ, அதை இனி ஆரிடம் கேட்பது?

ரீச்சரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மோர்ஸ்பியில் உன்னைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, அவர் ஒன்றும் கேட்காமல் படிவத்தை என் கையில் இருந்து வாங்கி நிரப்பிவிட்டுக் கையெழுத்துக்கு மட்டும் நீட்டினார். "இதுகளிலை என்ன இருக்கு, எல்லாம் ஒரே அலட்டல்" என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததால் எனக்கு நடந்தது அவ்வளவுதான். அதற்குப் பயந்துதான் நான் ஒரு மனுசியையும் பிள்ளையையும் எரிமலைக்குக் கீழே இருத்திவிட்டு வந்தேன்.

நீ படித்தவன், உனக்கு நான் புத்தி சொல்லப் போவதில்லை. ஆனால் போகிற இடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வேன், அது தாய்க்குரிய வேலை. ரூத்தின் வீட்டில் போனதும் கமராவை எடுக்காதே. அவள் தருவதை எல்லாம் சாப்பிடு, குப்பைக் கோழி மாதிரிக் கிளறிக்கொண்டு இருக்காதே. ஆரணியை அவள் பக்கத்தில் இருத்து. வேலைக்காரி என்ற சொல் இனி ஆரணியின் வாயில் வரக் கூடாது. அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். ரூத் எப்படி நடக்கிறாள் என்று பார். நீ ஒரு நாளைக்கு எத்தனை காலுக்கு எக்ஸ்ரே எடுக்கிறாய், உனக்கு ஒரு பார்வையில் விளங்கும். அம்மா அன்பைச் சொல்லச் சொன்னா என்று சொல்லாதே. என்னைப் பற்றி அவள் ஏதாவது சொன்னால், அது எவ்வளவு கடினமாக இருந்தாலும், வீட்டுக்கு வந்து எனக்கு அப்படியே சொல்ல வேண்டும்.

மூன்றாவது ரிக்கற் இப்போது போடாதே. அவள் என்னை வரச் சொன்னால் முழங்காலுக்குக் குளிசை போட்டுக்கொண்டு வருவேன். சொல்லாவிட்டால் நான் வருவது சரியில்லை.

அந்தத் திறப்பு இருந்த லாச்சிக்குள் ஒரு கடித உறை வைத்திருக்கிறேன். அதை ரூத்திடம் கொடு. பிஜினில் கடிதத்துக்குப் பாஸ் என்று பெயர். இங்கே வந்த பெண்களுக்கு நடத்திய வகுப்பில் நான் படித்த இங்கிலிஷ் எழுத்தைக் கொண்டு நானே எழுதினேன், ஆரிடமும் எழுத்துக் கேட்கவில்லை, பிழை இருக்கும். நீ பிரித்து வாசிக்காதே. நீ மொழிபெயர்க்கவும் வேண்டாம், எல்சி வாசித்துக் காட்டவும் வேண்டாம். ரூத் பத்தாம் வகுப்புப் படித்தவள். எனக்கு வந்த எல்லாக் கடிதத்தையும் வாசித்தவள் அவள்தான், இதையும் அவளே வாசிக்கட்டும்.

ஆனாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று இந்தச் சிட்னிக்கே சொல்லப் போகிறேன், உனக்கு ஏன் மறைப்பான்? பெரிய கடிதம் இல்லை. ரூத், ட்ரக் வராது என்று ட்ரைவர் சொன்னான், அது எனக்குக் கேட்டது என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே இரண்டே சொல். பிஜினில் தெரியும் என்பதற்கும், அன்றைக்கே தெரிந்திருந்தது என்பதற்கும் ஒரே சொல்தான். அவள் குசினியில் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்திக் கேட்ட சொல், நான் பொய்யாகவே சொல்லிக்கொண்டிருந்த சொல். இந்த முறை அது பொய் இல்லை.

மி சவே.

உன் அம்மா